ஒண்ணுமில்லைக்காரரும் வெடிக்காத துப்பாக்கியும்

எது ஓடாமல் நின்றாலும் சரி, மிக்சியோ, மோட்டாரோ, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரோ, ஐந்தே நிமிஷத்தில் அதன் அருகில் ஒருவர் வந்து நிற்பார். நீங்கள் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். எங்கிருந்து வந்தார் என்பதும் தெரியாது. இடுப்பில் ஒரு கை, மோவாயில் ஒரு கை, தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நின்றுபோன பொருளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து, மூக்கால் ஒரு மூச்சு விட்டு, ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "ஒண்ணுமில்ல."

டாக்டர் சொன்னால் வயிற்றில் பாலை வார்க்கிற வார்த்தை அது. இவர் சொன்னால் உங்கள் மிக்சிக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது என்று பொருள். நான் தமிழாசிரியன், இலக்கணப்படி அது எதிர்மறை என்று எனக்குத் தெரியும். ஆனால் நடைமுறையில் அது போர்ப் பிரகடனம். ஏனென்றால் அதற்கு அடுத்த வாக்கியம் எப்போதும் இதுதான்: "ஒரு ஸ்குரூ டிரைவர் இருக்குமா?"

ஒண்ணுமில்லைக்காரர் என்று இந்த இனத்துக்கு நான் பெயர் வைத்து வெகுநாள் ஆகிறது. இவர்கள் விழுப்புரத்திலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு. இரண்டுக்கும் நடுவே பஸ் நின்றுபோனால் பஸ்ஸுக்குள்ளேயே பதினொரு பேர் உண்டு. டிரைவர் இறங்கி வருவதற்குள் "டீசல்ல தண்ணி" என்பார் ஒருவர், "ஏர் புடிச்சிக்கிச்சி" என்பார் இன்னொருவர், மூன்றாமவர் நேரே போய் டயரை உதைப்பார். ஏன் உதைக்கிறார்? அது அவருக்கும் தெரியாது. உதைத்துவிட்டுத் திருப்தியோடு திரும்பி வருவார்.

மெக்கானிக்கை இந்த இனத்தில் சேர்க்காதீர்கள். அவர் "பாத்துதான் சொல்லணும்" என்பார், "நாளைக்கு வாங்க" என்பார். ஒண்ணுமில்லைக்காரரின் அகராதியில் நாளைக்கு என்ற சொல்லே கிடையாது. இப்போதே, இங்கேயே, உங்கள் கண்ணெதிரே கழற்றிவிடுவார். கழற்றிக்கொண்டே, "இதுல முன்னாடி யாரு கை வச்சது?" என்று கேட்பார். நீங்கள் யார் பெயரைச் சொன்னாலும் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு ஊதுவார். வாயால் ஊதினால் எந்த நோயும் போய்விடும் என்பது இவர்கள் வைத்தியத்தின் முதல் பாடம். கழற்றிய திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லாம் மாட்டி முடித்தபின் பையைத் தடவிப் பார்ப்பார். ஒன்று மிஞ்சியிருக்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா ஒண்ணு போட்டு அனுப்பியிருக்கான்" என்பார். அவ்வளவு தாராளமான கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் வணிகவியல் நடத்தும் தேவநாதன் சார் இந்த இனத்தின் திலகம். வீடு திண்டிவனத்தில். அவர் வீட்டில் ஏதாவது பழுதானால் அவர் மனைவி லட்சுமியம்மாள் மூச்சு விட மாட்டார். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறேன் என்று சொல்லி, மிக்சியைப் பூக்கூடைக்கு அடியில் வைத்து எடுத்துப்போய், கடையில் கொடுத்துச் சரிபண்ணிக்கொண்டு வந்துவிடுவார். போன வருஷம் ஒரே மாதத்தில் மூன்று அமாவாசை வந்தது. தேவநாதன் சார் அதைக் கவனிக்கவில்லை. பொருள் பழுதானால்தான் அவருக்குக் கண் திறக்கும்.

அப்படித் திறந்ததைத்தான் சொல்ல வந்தேன். போன நவம்பரில் விழுப்புரத்தில் பள்ளிகளுக்கான மாவட்ட விளையாட்டுப் போட்டி. ஆள் போதவில்லை என்று எங்களையும் வேலைக்குப் போட்டார்கள். தேவநாதன் சார் ஓட்டப்பந்தயத்தின் முடிவுக்கோட்டு நடுவர். நான் கையில் ஸ்டாப்வாட்சோடு நேரம் குறிப்பவன். எங்களோடு இன்னும் மூன்று பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே வேலைதான்: வெள்ளைக்கோட்டின் பக்கத்தில் நின்று, யார் முதலில் வருகிறார் என்று பார்ப்பது. கண் இருந்தால் போதும், கை தேவையில்லை. தேவநாதன் சாருக்குப் பொருந்தாத வேலை என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

மதியம் பெண்களுக்கான நூறு மீட்டர் இறுதி ஓட்டம். அதில் ஓட நின்ற ஆறு பேரில் கலைப்பிரியா ஒருத்தி. கண்டாச்சிபுரம் பக்கத்துப் பெண், பிளஸ் டூ. காலையில் தகுதிச்சுற்றில் அவள் ஓடியதைப் பார்த்தேன். நான் ஸ்டாப்வாட்சை அழுத்துவதற்குள் வந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. முதலில் வருகிறவள் மட்டும்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலத்தில் ஒரு இடம் பிடித்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வயது தாண்டிவிடும், பள்ளியும் முடிந்துவிடும். அவள் அம்மா அம்சவள்ளி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற வேலையை விட்டுவிட்டு, மஞ்சள் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக முடிவுக்கோட்டின் அருகில், எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் தாண்டவராயன் சார், உடற்கல்வி ஆசிரியர். அவரிடம் ஒரு ரிவால்வர் இருக்கிறது. பதறாதீர்கள், குழாய் அடைத்தது. அதிலிருந்து சத்தமும் புகையும்தான் வரும். யாரோ ஒரு பெரிய மனிதர் எந்தக் காலத்திலோ கொடுத்தது. அதற்குப் போடுகிற தோட்டா சுண்டுவிரல் நகம் அகலம்கூட இருக்காது. அதில் தட்டினால் தீப்பிடிக்கிற மருந்து நடுவில் இல்லாமல் அடிவிளிம்பைச் சுற்றி இருக்கும். துப்பாக்கியின் சுத்தியல் அந்த விளிம்பை நறுக்கென்று நசுக்கினால்தான் வெடிக்கும். இதெல்லாம் எனக்கு அன்று காலைவரை தெரியாது. அன்று மாலைக்குள் விழுப்புரம் மாவட்டத்துக்கே தெரிந்துவிட்டது.

"ஆன் யுவர் மார்க்" என்றார் தாண்டவராயன் சார். ஆறு பெண்களும் குனிந்தார்கள். "செட்." இடுப்பைத் தூக்கினார்கள். மைதானமே மூச்சைப் பிடித்தது. டக்.

அவ்வளவுதான். டமால் வரவில்லை. ஆனால் டக் என்ற அந்தச் சத்தத்துக்கே கலைப்பிரியா பாய்ந்து முப்பது மீட்டர் போய்விட்டாள். அவள் காது அப்படி.

"ஃபால்ஸ் ஸ்டார்ட்! ஒனக்கு வார்னிங்மா" என்றார் தாண்டவராயன் சார்.

"சத்தம் கேட்டுச்சி சார்."

"அது டக்கு. டமால்னு கேட்டாதான் ஓடணும். இன்னொரு வாட்டி ஓடுன, வெளிய போயிடுவ."

அவள் திரும்பி வந்து நின்றாள். மறுபடி செட். மறுபடி டக். இந்த முறை பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் ஓடினார்கள். கலைப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தாண்டவராயன் சார் கடுப்பில் துப்பாக்கியை வானத்தைப் பார்த்து மறுபடி மறுபடி இழுத்தார். டக், டக், டக், டக். ஆறு அறையும் ஒரு சுற்று சுற்றி, முதல் தோட்டாவே திரும்ப வந்தபோது டமால் என்று வெடித்தது. யாரும் எதிர்பார்க்காததால் யாரும் ஓடவில்லை. நாய் ஒன்று மட்டும் ஓடியது.

இப்போது முடிவுக்கோட்டைப் பாருங்கள். நூறு மீட்டர் தள்ளி ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்ற வாசனை தேவநாதன் சார் மூக்கில் ஏறிவிட்டது. இடுப்பில் ஒரு கை வைத்தார். தலை இடப்பக்கம் சாய்ந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"சார், நம்ம வேலை இங்கதான்" என்றேன்.

"ரெண்டே நிமிஷம், ஜல்தியா பாத்துட்டு வந்துர்றேன். பாவம் அந்தாளு, பேஜாரா நின்னுகினு இருக்காரு பாருங்க."

போனார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக இன்னொருவர் போனார். அந்த இன்னொருவரைக் கூட்டிவர மற்ற இருவரும் போனார்கள். நான் போகவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு கருத்து இருந்தது, ஐயா! தோட்டா பழசாக இருக்கும் என்பது என் கருத்து. அதை அங்கே போய்ச் சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது.

தொடக்கக்கோட்டில் ஒரு சந்தையே கூடிவிட்டது. ராத்திரி மழையில் மருந்து பதத்துப்போச்சு, வெயிலில் காயவைக்கலாம் என்றார் ஒருவர். ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு என்றார் கோலியனூரிலிருந்து வந்த ஒருவர், தன் வீட்டு அரிசி மில்லில் ஒரு நல்ல ஸ்பிரிங் சும்மா கிடக்கிறது என்றும் சொன்னார். தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகும் என்றது ஒரு குரல். அது கூடாது, எண்ணெய் பட்டால் மருந்து செத்துவிடும் என்றது மற்றொரு குரல். பெற்றோர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள். ஒவ்வொரு கருத்தையும் சோதித்துப் பார்க்க ஒவ்வொரு தோட்டா செலவாயிற்று. சில தோட்டாக்கள் முதல் இழுப்பில் டக் என்று சொல்லி, இரண்டாவது இழுப்பில் வெடித்தன. சில கடைசிவரை வெடிக்கவே இல்லை. இதற்கெல்லாம் நடுவே ஆறு பெண்களும் கோட்டருகே கையைக் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். கலைப்பிரியா ஒருமுறை என்னிடம் வந்து, "சார், ஒடம்பு சூடு ஆறிடும் சார்" என்றாள். "இதோ ஆச்சும்மா" என்றேன். என் கண் துப்பாக்கி மேலேயே இருந்தது.

தேவநாதன் சார் தாண்டவராயன் சாரின் கையிலிருந்து ரிவால்வரை வாங்கினார். வாங்கினார் என்ன, பிடுங்கினார். தோட்டாக்களைக் கொட்டினார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "இதுல முன்னாடி யாரு கை வச்சது?"

"என்னைத் தவிர யாரு வெப்பா? பீரோவுல பூட்டி வெச்சிக்கினுதான இருக்கேன்" என்றார் தாண்டவராயன் சார்.

தேவநாதன் சார் ஊதினார். செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். ஒரு டீச்சரின் புடவையிலிருந்து ஊக்கு வாங்கி, தோட்டா உட்காரும் துளை ஒன்றைச் சுரண்டினார். உள்ளங்கையில் மஞ்சளாக ஏதோ பொடி உதிர்ந்தது. எடுத்து முகர்ந்தார். கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"சந்தனம்!"

தாண்டவராயன் சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்கு அவர் ஈட்டி, குண்டு, வட்டு, வருகைப் பதிவேடு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாராம். துப்பாக்கியை மட்டும் விட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஆறு துளைக்கும் ஆறு பொட்டாக, ஓரவஞ்சனை இல்லாமல் வைத்திருக்கிறார். அது உள்விளிம்பில் வழிந்து காய்ந்து சிமெண்டாகிவிட்டது. தோட்டா ஒட்ட உட்காராமல் ஒரு நூல் அளவு வெளியே நின்றது. சுத்தியலின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதற்கே செலவாகிவிட்டது. இரண்டாவது அடிக்குத்தான் விளிம்பு நசுங்கியது.

"சாமி காரியம்ங்க, இப்பிடி ஆவும்னு யாரு கண்டா?" என்றார் தாண்டவராயன் சார்.

"நான்தான் வந்தவொடனே சொன்னன்ல, ஒண்ணுமில்லன்னு" என்றார் தேவநாதன் சார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் ஒரு ஒண்ணுமில்லைக்காரர் ஒரு பொருளை உண்மையாகவே சரிசெய்ததை அன்றுதான் பார்த்தேன். ஆறு துளையையும் ஊக்கால் சுரண்டி, கைக்குட்டையைத் திரித்து விட்டுத் துடைத்தார். பெட்டியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தோட்டா. சோதித்துப் பார்க்க வழியில்லை, நேரே ஓட்டத்தைத் தொடங்க வேண்டியதுதான். தாண்டவராயன் சார் தோட்டாவைப் போட்டு, "ஃபினிஷ் சைடு ரெடியா?" என்று உரக்கக் கேட்டார். முடிவுக்கோட்டு நடுவர் தேவநாதன் சார் கையைத் தூக்கி, "ரெடி, ரெடி" என்றார், தாண்டவராயன் சாருக்கு முழங்கை தூரத்தில் நின்றுகொண்டு.

செட். டமால்!

அந்தச் சத்தத்துக்கு நாங்கள் போட்ட கூச்சல் திண்டிவனம்வரை கேட்டிருக்கும். கை தட்டினோம். தேவநாதன் சாரைக் கட்டிப்பிடித்தோம். அரிசி மில்காரர் விசிலடித்தார். தாண்டவராயன் சார் துப்பாக்கியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான்கூட இரண்டு கையையும் சேர்த்து ஓங்கித் தட்டினேன். தட்டும்போது உள்ளங்கையில் ஏதோ கடினமாக இடித்தது. பார்த்தேன். ஸ்டாப்வாட்ச். சைபர் சைபர் என்று காட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நூறு மீட்டருக்கு அப்பால் ஆறு பெண்களும் ஓடி முடித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். அங்கே இருந்த ஒரே பெரிய மனுஷி அம்சவள்ளி.

ஐந்து நடுவர்களும் ஓடினோம். அன்றைக்கு எங்கள் ஓட்டத்துக்கு நேரம் குறித்திருந்தால் அதுவும் நன்றாகத்தான் வந்திருக்கும். செல்போன் வைத்திருந்தவர்களிடமெல்லாம் படம் கேட்டோம். இருபது படம் கிடைத்தது. இருபதிலும் துப்பாக்கி வெடிப்பது தெளிவாக இருந்தது.

"எம்பொண்ணுதான் சார் மொதல்ல வந்தா" என்றார் அம்சவள்ளி. "ரெண்டு கண்ணாலயும் பாத்துக்கினு நின்னேன். இம்மாந்தூரம் முன்னால வந்தா."

"பெத்தவங்க சொல்றத எழுத முடியாதும்மா. டைமும் வேணுமே" என்றார் தேவநாதன் சார். "ஒண்ணுமில்ல, இன்னொரு வாட்டி ஓடிட்டா போச்சு. நூறு மீட்டர்தான?"

"நூறு மீட்டர்தானன்னா நீங்க ஒரு வாட்டி ஓடிக் காட்டுங்களேன் சார். காத்தால இருந்து அவ எத்தினி வாட்டி ஓடிக்கினு இருக்கா!"

நாங்கள் ஐந்து பேரும் விதிமுறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். மறுபடி ஓடச் சொன்னோம். தோட்டா தீர்ந்துவிட்டதே, எதைக் கொண்டு தொடங்குவது? தாண்டவராயன் சார் தன் கழுத்தைத் தடவினார். காலையிலிருந்து அங்கே ஒரு விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார், ஆனால் விசில் அதற்கெல்லாம் அசரவில்லை. முதல் ஊதலிலேயே ஒலித்தது.

திண்டிவனம் பக்கத்துப் பெண் அன்புச்செல்வி முதலில் வந்தாள். கலைப்பிரியா இரண்டாவது. ஒரு சாண் வித்தியாசம் இருக்கும். கடைசிப் பத்து மீட்டரில் அவள் கால் கனத்துப்போனது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. இந்த முறை நான் இடத்தை விட்டு அசையவில்லை, ஸ்டாப்வாட்சைச் சரியாக அழுத்தினேன், நேரத்தைச் சரியாக எழுதினேன். சரியாகச் செய்த ஒரு வேலைக்காக நான் இவ்வளவு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

வாழ்த்துச் சொல்லப் போனபோது அன்புச்செல்வி சிரிக்கவில்லை. "துப்பாக்கி வெடிச்ச வாட்டி நான் ஃபுல்லா இவ முதுகத்தான் சார் பாத்துக்கினு ஓடியாந்தேன். அத எங்க எழுதுவீங்க?" என்று கேட்டாள். அம்சவள்ளி மகளின் காலிலிருந்து ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினார். யாரிடமோ இரவல் வாங்கிய ஷூ. அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

தேவநாதன் சார் இந்தக் கதையை இப்போதும் திண்டிவனம் பஸ்ஸில் சொல்கிறார். நன்றாகவே சொல்கிறார். துப்பாக்கி வருகிறது, சந்தனம் வருகிறது, ஊக்கு வருகிறது, கடைசியில் டமால் வருகிறது. முதலில் சொன்னபோது அதில் "ஏதோ ஒரு ரேஸு" என்று ஒரு இடம் இருந்தது. போன வாரம் கேட்டேன், அதுவும் இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானே இதை நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நாலு பேரும் முதலில் கேட்டது, "சந்தனத்துக்குப் பதிலா வெறும் குங்குமம் வெச்சிருந்தா வெடிச்சிருக்குமா சார்?"

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். இருக்கட்டும். துப்பாக்கி வெடிக்கவில்லை என்று நான் சொன்ன இடத்தில், "ஸ்பிரிங்காத்தான் இருக்கும்" என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதா இல்லையா? சந்தனம் உதிர்ந்தபோது, "அட, இவ்வளவுதானா" என்று நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்ததா இல்லையா? கடைசித் தோட்டா வெடித்தபோது நீங்களும் எங்களோடு சேர்ந்து கை தட்டினீர்கள். அப்போது அந்தப் பெண் எத்தனையாவது மீட்டரில் இருந்தாள் என்று யோசித்தீர்களா?

வெட்கப்படாதீர்கள், உள்ளே வாருங்கள், உறுப்பினராகப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. நாளைக்கே எங்காவது எதையோ சுற்றி ஒரு கூட்டம் குனிந்து நிற்கும். நீங்களும் போய்க் குனியத்தான் போகிறீர்கள், அதை யாராலும் தடுக்க முடியாது. குனிவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிடுங்கள். யாராவது ஓடி வந்துகொண்டிருக்கலாம்.